குமரி மாவட்டச் சாரணர் முகாம்கள்: வரலாற்றை எங்கே தேடுவது, இடம் எங்கே கேட்பது?

ஆரல்காற்று

நம்ம மாவட்டத்துல சாரணர் இயக்கத்துக்கு எழுதி வச்ச வரலாறுன்னு ஏதாவது இருக்கா? கோயில் வரலாறு இருக்கு, சர்ச் நூற்றாண்டு மலர் இருக்கு, பள்ளிக்கூட பவளவிழா மலர் இருக்கு. அந்த மலர்கள்ல "எங்கள் பள்ளியில் சாரணர் படை சிறப்பாகச் செயல்படுகிறது"ன்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு குரூப் போட்டோ. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. யார் ஆரம்பிச்சது, முதல் முகாம் எந்த ஊர்ல, எந்த வருசம் எத்தனை பிள்ளைங்க ராஜ்ய புரஸ்கார் (மாநில அளவுச் சாரணர் விருது) வாங்கினாங்க, எதுவுமே ஒரு இடத்துல இல்ல.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட்ல சாரணர் வைர விழாப் பெருந்திரளணி (ஜம்போரி) நடந்தப்போ, நாடு முழுக்க இருந்து வந்த பிள்ளைங்க கூடாரம் போட்டுத் தங்கினாங்க. அங்க போய்ட்டு வந்த பிறகு ஒரு எண்ணம் விடாம வருது. நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு நிரந்தர முகாம் இடம் வேணும். கீரிப்பாறைப் பக்கமோ பேச்சிப்பாறைப் பக்கமோ ஒரு அஞ்சு ஏக்கர். அமெரிக்காவுல ஒவ்வொரு கவுன்சிலுக்கும் (அங்க உள்ள வட்டாரச் சாரணர் அமைப்பு) சொந்தமா காடே இருக்காம். நமக்கு ஒரு தோப்பு கூடவா கிடைக்காது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாஞ்சில் ஏடு

வரலாறு ஒரே இடத்துல இல்லாததுக்குக் காரணம் இருக்கு. முதல்ல பொதுக் கதையைச் சுருக்கமா வச்சிருவோம்.

1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்ஸீ தீவுல பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களை வச்சு நடத்தின முகாம்தான் தொடக்கம். நாலே அணி: ஓநாய், காளை, காக்கை, கோட்டான் (ஆந்தை இல்ல, கர்லூங்கிற கரைப்பறவை). 1909-லேயே பெங்களூர்ல கேப்டன் பேக்கர் ஒரு படை தொடங்கிட்டாரு, ஆனா அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும்தான். நம்ம பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. அந்தக் கதவைத் தட்டாம, தனியா ஒரு வாசல் வச்சவர் அன்னி பெசன்ட். 1916-ல சென்னைல அருண்டேலோட சேர்ந்து இந்தியச் சாரணர் சங்கத்தை ஆரம்பிச்சாரு. வடக்கே மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் சேர்ந்து சேவா சமிதி சாரணர். 1921-ல பேடன் பவல் இந்தியா வந்தப்போ பெசன்ட் அம்மையாரோட சங்கம் பேடன் பவலோட தாய்ச் சங்கத்தோட இணைஞ்சது. 1938-ல திரும்பவும் பிரிஞ்சு இந்துஸ்தான் சாரணர் சங்கம். விடுதலைக்கு அப்புறம் 1950 நவம்பர் 7-ல எல்லாம் ஒண்ணாகி பாரத சாரணர். அடுத்த வருசம் ஆகஸ்ட் 15-ல சாரணியரும் சேர்ந்தாங்க.

இனி நம்ம விஷயம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவனந்தபுரத்தோட இருந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் கல்வித்துறைக் கோப்பு எல்லாம் அங்க போச்சு, அதுக்கு அப்புறம் சென்னைக்குப் போச்சு. அதனால நாகர்கோவில்ல ஒரு பள்ளிக்கூடத்துல 1930-கள்ல சாரணர் படை இருந்திருந்தா அதோட தடயம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கிடைக்காது. திருவனந்தபுரம் நாளந்தாவுல இருக்கிற கேரள ஆவணக் காப்பகத்துல, திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகளோட கல்வி அத்தியாயத்துல தேடணும். அங்க வருசமெல்லாம் கொல்லம் ஆண்டுல (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். 1099 கர்க்கடகம்னா 1924 ஜூலை-ஆகஸ்ட், அதாவது திருவிதாங்கூர்ல பெருவெள்ளம் வந்த மாசம். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்டணும், ஜனவரிக்கு அப்புறம் 825. இதைக் கவனிக்காம எழுதின சில மலர்கள்ல ஒரு வருசம் முன்ன பின்ன நிக்குது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சாரணர் மாவட்டம்ங்கிறது தமிழ்நாட்டுல வருவாய் மாவட்டம் இல்ல, கல்வி மாவட்டம். கல்வி மாவட்ட எல்லையை மாத்தும்போதெல்லாம் சாரணர் மாவட்டமும் மாறும். மாறினா பழைய பொறுப்பாளர் வீட்டு அலமாரியில இருக்கிற மினிட்ஸ் புத்தகம் யாருக்குச் சொந்தம்? பெரும்பாலும் யாருக்கும் இல்ல.

ஓய்வுபெற்ற சாரணாசிரியர்

நாஞ்சில் ஏடு தம்பி எழுதியது சரி. நான் கல்குளம் தாலுகாவில் பல ஆண்டுகள் படை நடத்தியவன். முகாம்கள் எப்படி நடந்தன என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன், பிறகு நிலம் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் முகாம்கள் எல்லாம் பள்ளிக்கூடங்களில்தான். பூஜை விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோ நடக்கும். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று நம் ஊரில் இரண்டு பருவமும் பெய்வதால், மழை பயமில்லாமல் முகாம் நடத்தத் தோதான நாட்கள் டிசம்பர் கடைசியிலிருந்து மாசி வரைதான். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஆனால் சமையலும் கைவேலையும் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு மூலை. கயிற்றால் எல்லை கட்டி, கமுகுக் கம்பிலோ முருங்கைக் கம்பிலோ வாசல் வைப்பார்கள். ஆணி கூடாது, கம்பி கூடாது, எல்லாம் கட்டுதான். குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சில் தொடங்கி, குறுக்குக் கட்டுப் போட்டு, குளோவ் ஹிட்சில் முடிக்க வேண்டும். தட்டு வைக்க ஒரு பரண், செருப்பு வைக்க ஒரு தட்டி, கை கழுவ ஒரு சாய்வுத் தாங்கி. மறுநாள் காலை பரிசோதனைக்கு நான் போகும்போது பரண் மேல் கையை ஊன்றிப் பார்ப்பேன். சரிந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டு இறுகியதா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாரம் ஏற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுப்புக்கு மூன்று கல். தென்னம்பாளையும் கொதும்பும் விறகு. முதல் நாள் இரவு பயற்றங்கஞ்சியும் காணத் துவையலும். எந்த அணியிலும் கஞ்சி அடிப்பிடிக்காமல் இருந்ததில்லை. இரண்டாம் நாளுக்குள் தணல் இழுத்துவிடப் பழகிவிடுவார்கள். மரச்சீனிக் கிழங்கு அவிக்க மட்டும் எந்தப் பையனுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டி இருந்ததில்லை.

இன்னொன்று. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பிள்ளைகளை வெளியூர் முகாமுக்கு அனுப்பவே பெற்றோர் பயந்தார்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளையும் உட்பகுதி ஊர்ப் பிள்ளைகளையும் தனித்தனி அணியாகப் போட்டால் வம்பு இல்லை என்று எனக்குப் பலர் சொன்னார்கள். நான் கலந்துதான் போட்டேன். ஒரே சட்டியில் சமைத்து, ஒரே வரிசையில் தட்டு கழுவினார்கள். காலைச் சர்வ சமய வழிபாட்டில் திருக்குறளும் பைபிளும் குர்ஆனும் கீதையும் வாசிப்பார்கள். எதை யார் வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வேன், மதம் பார்த்து இல்லை.

இதெல்லாம் எழுதப்படவில்லை என்பது உண்மை. எழுதியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு நின்றுவிட்டு, ராத்திரி பாடித்தீ (கேம்ப் ஃபயர்) முடிந்து கணக்கு எழுதவே நேரம் சரியாக இருக்கும்.

நிலம் பற்றி: எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு பள்ளியில் முகாம் நடந்ததால்தான் அந்தந்த ஊரில் புதிய படைகள் பிறந்தன. பூதப்பாண்டியில் நடந்தால் பூதப்பாண்டிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். குளச்சலில் நடந்தால் குளச்சல் பிள்ளைகள் பார்ப்பார்கள். காட்டுக்குள் ஒரு மதிலுக்குள் வைத்தால் யார் பார்ப்பார்கள்?

விளவங்கோட்டுக்காரன்

சாரே, வணக்கம். நான் இப்போ பென்சில்வேனியாவுல இருக்கேன், பையன் இங்க ஒரு ட்ரூப்ல இருக்கான். அமெரிக்கக் கவுன்சில் கதை வந்ததால எழுதுறேன். அது பாதிதான் நம்ம ஆளுங்களுக்குத் தெரியுது.

இங்க இயக்கம் 1910 பிப்ரவரி 8-ல பதிவாச்சு. நாடு முழுக்கக் கவுன்சில் கவுன்சிலா பிரிச்சாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனிச் சட்ட அமைப்பு. தனி நிர்வாகக் குழு, சம்பளத்துக்கு ஒரு நிர்வாகி, தனிச் சொத்து. நம்ம ஊர் மாதிரி கல்வித்துறையோட ஒட்டினது இல்ல. சர்ச்சு, ரோட்டரி, அக்கம்பக்கத்துச் சங்கம் இவங்கதான் படைக்கு இடம் கொடுக்கிறது. அதனால முகாம் இடத்தைக் கவுன்சிலே வாங்கியாகணும். சிகாகோ கவுன்சில் 1911-லேயே மிச்சிகன்ல ஒவாசிப்பி முகாமைத் தொடங்கிச்சு. பிலடெல்பியா கவுன்சிலுக்கு டெலவேர் ஆத்து நடுவுல ட்ரெஷர் ஐலண்ட்னு ஒரு தீவு. அங்கதான் 1915-ல குட்மன், எட்சன்னு ரெண்டு பேர் 'ஆர்டர் ஆஃப் தி ஆரோ'ங்கிற மரியாதைக் குழுவை ஆரம்பிச்சாங்க. 1938-ல வெய்ட் பிலிப்ஸ்னு ஒரு எண்ணெய்த் தொழிலதிபர் நியூ மெக்சிகோவுல 35,000 ஏக்கருக்கு மேல தேசிய அமைப்புக்கே கொடுத்தாரு, அப்புறமும் கொடுத்தாரு. அதுதான் ஃபில்மான்ட் முகாம்.

இதுவரைக்கும் கேட்டா ஆசையா இருக்கும். அடுத்த பாதி இது. உறுப்பினர் குறையக் குறைய கவுன்சில்கள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது. பிலடெல்பியாவும் வேலி ஃபோர்ஜும் 1996-ல ஒண்ணாச்சு. இணைஞ்சதும் ஒருத்தருக்கு ரெண்டு மூணு முகாம் மிஞ்சும், வரி கட்டணும், பராமரிக்கணும், உடனே விலை பேசுவாங்க. ஒவாசிப்பியை விக்கப் பார்த்தப்போ முன்னாள் சாரணர்களே எதிர்த்து நின்னாங்க. 2020 பிப்ரவரியில தேசிய அமைப்பே திவால் மனு போட்டுச்சு. காரணம் நிலம் இல்ல. பல பத்தாண்டுகளா பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகள். 82,000-க்கு மேல புகார்கள். இழப்பீட்டு நிதி 246 கோடி டாலர், அதுல கவுன்சில்கள் பங்கு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல. அதுக்காகப் பல கவுன்சில்கள் தலைமுறை தலைமுறையா வச்சிருந்த முகாம்களை வித்தாங்க.

இங்க உள்ளவங்க முகாமை இழந்ததுக்கு அழுறதைப் பார்த்திருக்கேன். ஆனா முகாமைக் காப்பாத்தின அளவுக்குப் பிள்ளைகளைக் காப்பாத்தியிருந்தா ரெண்டும் மிஞ்சியிருக்கும். இடம் கேட்கிறவங்க முதல்ல இதைத்தான் இங்கிருந்து எடுத்துக்கணும்.

ஆரல்காற்று

அண்ணே, இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி. ஆனா சார் சொன்னதுக்குப் பதில் சொல்லியாகணும். பள்ளிக்கூடத்துல நடந்தா ஊர் பார்க்கும்ங்கிறது சரி சார். அப்போ பள்ளிக்கூடத்தைச் சுத்தி இடம் இருந்துச்சு. இப்போ மைதானத்துல புதுக் கட்டடம் வந்தாச்சு, மிச்ச இடத்துல இன்டர்லாக் கல் பதிச்சாச்சு. கூடார முளை எங்க அடிக்க? மூணு கல் வச்சு அடுப்பு எரிச்சா கல் கறுத்துப் போகும்னு விடமாட்டாங்க. கேட்டரிங்ல சாப்பாடு வருது. ராத்திரி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிட்டு காலைல வரச் சொல்ற முகாமும் இருக்கு. பகல்ல மட்டும் நடக்கிறதை நான் முகாம்னு ஒத்துக்க மாட்டேன்.

முட்டத்துக்காரன்

பெரியவர் எழுதின அந்தக் கலந்த அணிகள்ல ஒருத்தன் நான். எந்தப் பள்ளின்னு சொல்லல்ல, சார் கண்டுபிடிச்சிருவாரு. எங்க அணியில தோவாளைப் பக்கத்துப் பையன் ஒருத்தன். எனக்கு முடிச்சு தெரியும், மடியில வலை கட்டுற வீடு. அவனுக்குக் கஞ்சி பதம் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பரண் போட்டோம். சார் கை ஊன்றினாரு, பரண் சரியவே இல்ல.

கோட்டார் சவேரியார் திருவிழாவுக்குக் கூட்டம் ஒழுங்குபடுத்தவும் சுசீந்திரம் தேருக்குத் தண்ணீர் கொடுக்கவும் அதே ஸ்கார்ஃபைக் கட்டிட்டுத்தான் நின்னோம். அந்த ரெண்டு எடத்துலயும் நின்ன பையனுக்குக் கலவரம்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டம் சாரணியர்

இவ்வளவு நேரம் படிச்சேன். எல்லாரும் பையன்களைப் பத்தியே எழுதியிருக்கீங்க.

1909-ல லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பேரணிக்கு யாரும் கூப்பிடாமலே பெண் பிள்ளைகள் தாங்களா சாரணர் உடை போட்டு வந்து நின்னாங்க. அதுக்கப்புறம்தான் 1910-ல சாரணியர் அமைப்பு வந்துச்சு, பேடன் பவலோட தங்கச்சி ஆக்னஸ் அதைக் கையில எடுத்தாங்க. இந்தியாவுல 1911-லேயே ஜபல்பூர்ல முதல் கம்பெனி. இந்தியப் பையன்களுக்காக பெசன்ட் அம்மா சங்கம் ஆரம்பிச்சதுக்கு அஞ்சு வருசம் முந்தி.

முகாம் இடம் விஷயத்துல சார் சொல்றது பையன்களுக்குச் சரியா வரலாம். நாங்க முகாமுக்குப் போனப்போ எங்க டீச்சர் இடம் பார்க்கப் போனா கேட்கிற முதல் கேள்வி, சமைக்க இடம் இருக்கான்னு இல்ல. கக்கூஸ் எத்தனை, கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கா, கிணத்துல தண்ணி கிடக்கா, காம்பவுண்ட் சுவர் எந்த உயரம், ராத்திரி வாட்ச்மேன் யாரு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் முகாம் கிடையாது. இரு பாலர் படிக்கிற அரசுப் பள்ளியில பையன்களுக்கு முகாம் நடக்கும், அதே வருசம் சாரணியருக்கு "இடவசதி இல்லை"ன்னு பகல் பயிற்சியோட முடிச்சிருவாங்க. இரவு தங்கி முடிக்க வேண்டிய தேர்வு தள்ளிப் போகும். அப்படித் தள்ளிப் போய், பதினொண்ணு பன்னிரண்டாம் கிளாஸ் வந்து, படிப்பு பாருன்னு வீட்டுல நிறுத்தி, ராஷ்டிரபதி விருது வரைக்கும் போக வேண்டிய எத்தனையோ பிள்ளைங்க நடுவுல நின்னிருக்காங்க. என்னோட படிச்சவங்களிலேயே இருக்காங்க.

அதனால நிரந்தர இடம்ங்கிறது காட்டு அழகைப் பார்க்க இல்ல. உள்பக்கம் கொண்டி உள்ள கதவு வேணும். அமெரிக்காக்காரர் சொன்னதும் இதேதான். முதல்ல பாதுகாப்பு, பிறகுதான் பாடித்தீ.

ஓய்வுபெற்ற சாரணாசிரியர்

மார்த்தாண்டத்துச் சகோதரி எழுதியதில் முழு நியாயம் இருக்கிறது. சாரணியர் பக்கத்தை இந்தக் கோணத்தில் எங்கள் கூட்டங்களில் யாரும் பேசியதில்லை. சாரணியருக்கு மாவட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதை மனதார ஆதரிக்கிறேன். அதற்குக் காடு வேண்டாம். பஸ் நிற்கிற ஊராக, ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிற இடமாக இருக்கட்டும். பிள்ளைகள் இல்லாமல் மூடிக் கிடக்கும் தொடக்கப்பள்ளிக் கட்டடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். மதில் இருக்கும், கிணறு இருக்கும், முற்றத்தில் மண் இருக்கும்.

பள்ளிமணி

நான் இப்போதும் படை நடத்துகிற ஆசிரியை. மூடிய பள்ளிக் கட்டடம் என்ற யோசனை நல்லது. கல்வித்துறையிடம் எழுத்தில் கேட்கலாம். ஆனால் கேட்கப் போகும்போது "இத்தனை காலமாக இம்மாவட்டத்தில் இயக்கம் இருக்கிறது, இத்தனை முகாம் நடந்திருக்கிறது" என்று காட்ட ஒரு தாள் கையில் வேண்டும். அந்தத் தாள் நம்மிடம் இல்லை. வரலாறும் இடமும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இயக்கம் நம் ஊரில் எதன் மேல் நின்றது என்று யோசித்தால், ஆசிரியர் மேல்தான். அவர் மாறிப் போனால் அல்லது ஓய்வு பெற்றால் படை நிற்கும். அடுத்தவர் வந்து அலமாரியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. நான் ஒரு பள்ளியில் பொறுப்பேற்றபோது ஸ்டோர் ரூமில் பழைய கான்வாஸ் கூடாரங்கள் இருந்தன. மடிப்பு மடிப்பாகக் கரையான் தின்று, தூக்கியபோது மண்ணாக உதிர்ந்தது. அந்தப் பொதிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தப்பியிருந்தது.

அட்டையில் பேனாவால் ஒரு பருந்து வரைந்து, கீழே "பருந்து அணி" என்று எழுதியிருக்கிறது. உள்ளே அணித்தலைவன் எழுதிய முகாம் குறிப்பு. ஒரு பக்கத்தில் சணல் நூலால் முடிச்சுகளைப் போட்டு, தாளில் தைத்து, பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறான்: ரீஃப், ஷீட் பென்ட், குளோவ் ஹிட்ச், போலைன், ஷீப்ஷாங்க். போலைன் மட்டும் அவிழ்ந்து போயிருக்கிறது, மீதி நான்கும் இறுக்கமாகவே இருக்கின்றன. இன்னொரு பக்கத்தில் வேலைப் பங்கீடு: தண்ணீர், விறகு, சமையல், பாத்திரம், துப்புரவு. ஒவ்வொரு நாளும் பெயர்கள் ஒரு கட்டம் கீழே நகர்கின்றன. கடைசிப் பக்கத்தில் "தேங்காய் 3, கடன்" என்று இருக்கிறது, யாரிடம் வாங்கிய கடன் என்று இல்லை. வருடமும் இல்லை. பக்கத்துப் பள்ளிப் பெயர் ஒன்று மட்டும் இருக்கிறது.

இப்படி எத்தனை நோட்டு எத்தனை வீட்டில் கிடக்கிறதோ! பெரியவர்கள் இருக்கும்போதே சேகரிக்காவிட்டால் எடைக்குப் போய்விடும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர்களிடம் முதலில் கேட்கலாம். ராஜ்ய புரஸ்கார் சான்றிதழில் ஆண்டு கட்டாயம் இருக்கும்.

நாஞ்சில் ஏடு

பள்ளிமணி டீச்சர், அந்த நோட்டைத் தயவுசெய்து லேமினேட் மட்டும் பண்ணிராதீங்க. வெயில் படாத இடத்துல, தாளுக்கு நடுவுல சாதாரண வெள்ளைத்தாள் வச்சு, தட்டையா வைங்க. போன்ல ஒவ்வொரு பக்கமும் நேரா மேல இருந்து போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. துருப்பிடிச்ச குண்டூசி இருந்தா மெதுவா எடுத்துருங்க. தேங்காய்க் கணக்கையும் விட்டுராம எடுங்க, விலை எழுதியிருந்தா அதை வச்சே காலத்தை ஓரளவு பிடிக்கலாம்.

திருவனந்தபுரம் காப்பகத்துக்கு நான் போறேன். மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கூட வந்தா நல்லது. விளவங்கோட்டுப் பக்கம் பழைய ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியும், யாராவது சொல்லுங்க. 1956-க்கு அப்புறம் உள்ளதுக்கு சாரணர் மாநிலத் தலைமையகத்துல எழுதிக் கேட்கணும். கல்வி மாவட்டம் எப்போ எப்போ பிரிஞ்சதுன்னு அரசாணைகளை வரிசைப்படுத்தினாலே பாதி குழப்பம் தீரும்.

முட்டத்துக்காரன்

கடற்கரை ஊர்ப் பக்கம் நான் கேட்டுப் பார்க்கிறேன். ஆனா ஒண்ணு, 2004 டிசம்பர் 26-ல கடல் வந்து போனதுல கொளச்சல் பக்கம் எத்தனையோ வீட்டுல ஆதார் மாதிரி காப்பாத்தி வச்ச சான்றிதழ், போட்டோ எல்லாம் போச்சு. அவங்ககிட்ட தாள் கேட்காதீங்க. வாயால சொல்றதை ரெக்கார்டு பண்ணுங்க. எந்த முகாம், யாரு சாரு, என்ன பாட்டு பாடினோம், அவ்வளவும் ஞாபகம் இருக்கும்.

மார்த்தாண்டம் சாரணியர்

சாரணியர் பக்கம் நான் எடுத்துக்கிறேன். எங்க டீச்சர் இருக்காங்க, வயசாச்சு, ஆனா பேச்சு தெளிவா இருக்கு. காலையில பத்து மணிக்கு மேலதான் பேசுவாங்க. எந்தெந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டி இல்லாம முகாம் நின்னுச்சுன்னும் கேட்டு எழுதுறேன், மனு எழுதும்போது அது வேணும்.

ஓய்வுபெற்ற சாரணாசிரியர்

பள்ளிமணி அவர்களுக்கு: அந்த நோட்டில் உள்ள பக்கத்துப் பள்ளியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பருந்து அணி என்று பெயர் வைத்த படை எங்கள் பக்கத்தில் அதிகம் இல்லை. வேலைப் பங்கீட்டில் உள்ள பெயர்களைப் பார்த்தால் எந்த ஆண்டு என்று என்னால் சொல்ல முடியும். என்னிடம் உள்ள கணக்கு நோட்டுகளையும் தருகிறேன். தக்கலைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் அனுப்ப மனமில்லை.